நேரசூசியில் இல்லாத நேரம்

ஆண்டு பிறக்கும் வேளையில் நம்மவர் வீடுகளுக்கு இரண்டு பொருள்கள் தவறாது வந்து சேருகின்றன. ஒன்று, கடைக்காரர் கொடுக்கும் சுவர்க் கலண்டர். மற்றது, எவரேனும் அன்பளிப்பாகத் தரும் நாட்குறிப்பேடு. அவற்றைத் தொடர்ந்து அறிவுரையும் வருகின்றது. ஆண்டைத் திட்டமிடுங்கள், விடியற்காலையில் எழுங்கள், வீட்டுக் கருமங்களை மாதவாரியாக வகுத்துக்கொள்ளுங்கள், வாழ்வு சீர்ப்படும் என்று பத்திரிகையும் வானொலியும் மேடைப் பேச்சாளரும், இந்நாளிற் கைத்தொலைபேசித் திரையும் ஓயாது உபதேசிக்கின்றன. திட்டமிடுதல் தீதென்று நாம் சொல்ல வரவில்லை. திட்டமின்மையைப் போற்றுவது சோம்பேறிகளின் தத்துவமேயன்றி முற்போக்காளரின் தத்துவமன்று. எமது வினா வேறு. யாருடைய நேரம் திட்டமிடப்படுகின்றது? யாருடைய நேரத்தைச் செலவிட்டு அது திட்டமிடப்படுகின்றது? இவ்வினாவை எழுப்பாத ஆண்டுத் திட்டம், எத்துணை அழகாகக் கோடிட்டு வரையப்பட்டிருப்பினும், பொய்க் கணக்கேயாகும் என்பதே நாம் இங்கு நிறுவ விழைவது.

இவ்வுபதேசிகளுக்கெல்லாம் மூதாதையெனத் தக்கவர் அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்கிளின். 1771ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய தமது சுயசரிதையில் அவர் 13 நற்பண்புகளைப் பட்டியலிட்டார். அவற்றுள் ஒழுங்கு என்னும் பண்பின்பொருட்டு நாளின் 24 மணித்தியாலங்களையும் அட்டவணையாக்கிக் காட்டினார். காலை 5 மணிக்குத் துயிலெழுதல், வழிபாடு, அன்றைய கருமத்தைத் தீர்மானித்தல், காலையுணவு, 8 மணி முதல் வேலை, நண்பகலில் வாசிப்பு, கணக்குப் பார்த்தல், உணவு, மீண்டும் வேலை, மாலையிற் பொருள்களை உரிய இடத்தில் வைத்தல், இராவுணவு, இசை அல்லது உரையாடல், 10 மணிக்கு நித்திரை. உலகெங்கும் வியந்து போற்றப்பட்ட அட்டவணை இது. அதனைச் சற்று ஊன்றி நோக்குங்கள். அதில் ஒரு மனிதன் நாளொன்றுக்கு மும்முறை உண்கின்றான். ஒருமுறையேனும் எவரும் சமைக்கவில்லை. அவன் உடுத்த உடையை எவரும் துவைக்கவில்லை. நோயுற்ற பிள்ளையின் அருகில் எவரும் விழித்திருக்கவில்லை. பிராங்கிளினின் இல்லத்தில் மனைவி இருந்தார், அடிமைகளும் இருந்தனர். அவர்களுடைய மணித்தியாலங்களின் மேல் நின்றுதான் அவருடைய ஒழுங்கு தலைநிமிர்ந்தது. இன்று நமக்கு விற்கப்படும் நாட்குறிப்பேடுகளின் கோடுகளும் அவ்வட்டவணையின் வழிவந்தவையே.

"இதெல்லாம் மேனாட்டார் கதை, நமது முன்னோர் இயற்கையோடு இயைந்து ஆண்டை வகுத்து வாழ்ந்தனர்" என்று பெருமை பேசுவோர் நம்மிடையே உளர். அவ்வாண்டையும் பார்ப்போம். யாழ்ப்பாணத்துக் கிராம வீடொன்றில், தையிலும் மாசியிலும் வயலில் வெட்டிய நெல் வீடு வந்து சேரும். அவித்து, உலர்த்தி, குற்ற வேண்டும். அதே காலத்திற் பனங்கிழங்கு கிண்டி, கிழித்து, ஒடியலாகவும், அவித்துப் புழுக்கொடியலாகவும் காயவிட வேண்டும். வெயில் ஏறும் பங்குனி சித்திரையில் மிளகாய் உலர்த்தித் தூள் இடித்தல், வேப்பம்பூ பொறுக்கி வடகம் போடுதல், கிணறு கலக்கி இறைத்தல். ஆடிப்பிறப்புக்குக் கூழும் கொழுக்கட்டையும். பனம்பழம் விழுங்காலத்திற் பனாட்டு. ஐப்பசி மழைக்கு முன்னர் வேலியடைத்தல், கிடுகு பின்னுதல், கூரை வேய்தல், விறகு சேர்த்தல். மார்கழியில் இருள் பிரியுமுன் வாசல் கூட்டித் தெளித்தல்.

இஃது உண்மையாகவே ஓர் அரிய திட்டம். மழையையும் வெயிலையும் பஞ்சத்தையும் தலைமுறை தலைமுறையாகக் கற்றறிந்த மக்களின் அறிவு அதிற் பொதிந்துள்ளது. அதனை நாம் இகழோம். ஆயின் அத்திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே செய்பவர் யார் என்றொரு நிரலை வரைந்து பாருங்கள். நெல் அவித்தவளும், கிழங்கு கிழித்தவளும், தூள் இடித்தவளும் பெண். வேலியடைத்தும் கிணறு இறைத்தும் துணி வெளுத்தும் கொடுத்தவர் குடிமை முறையினாற் பிணிக்கப்பட்டிருந்த மக்கள். தாம் இறைத்துச் சுத்தஞ்செய்த கிணற்றில் தாமே நீரள்ள உரிமையற்றிருந்தவர் அவர்கள். முற்றத்திற் சாய்மனைக் கதிரையிலிருந்து பஞ்சாங்கத்தைப் புரட்டி நாள் பார்த்தவரே திட்டமிட்டவர் என்று பெயர் பெற்றார். புத்தாண்டு பிறப்பது வாக்கியப்படியா, திருக்கணிதப்படியா என்று நாழிகைக் கணக்கில் வாதிட நமக்கு நேரமுண்டு. அந்நாளிற் பொங்கற் பானையைத் துலக்கி வைத்தவள் முதல்நாளிரவு எத்தனை நாழிகை உறங்கினாள் என்று கணித்த பஞ்சாங்கம் எதுவுமில்லை.

வடக்கின் கிராமத்தில் ஆண்டை வகுத்தது பருவமெனின், மலையகத் தோட்டத்தில் அதனை வகுப்பது பிரட்டுக்களத்தின் அழைப்பாகும். கொழுந்து பறிக்கும் பெண் விடியுமுன்னர் எழுந்து அடுப்பு மூட்டி, நீர் பிடித்து, ரொட்டி தட்டி, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு மலையேறுகின்றாள். மாலையில் நிறுவை முடிந்து லயத்துக்கு மீண்டதும் மறுபடியும் அதே அடுப்பு. 2021ஆம் ஆண்டில் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்படுவதற்கு அம்மக்கள் ஆண்டுக்கணக்கிற் போராட வேண்டியிருந்தது. அப்போராட்டம் நியாயமானது, எமது ஆதரவும் அதற்கு இருந்தது. ஆனால் அந்தச் சம்பளத்துக்குரிய வேலைநாள் பிரட்டுக்களத்திற் தொடங்கி நிறுவையில் முடிவடைகின்றது. அடுப்படியில் தொடங்கி அடுப்படியில் முடியும் அவளது மெய்யான வேலைநாள் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டதில்லை.

இங்கே தொழிலாளர் இயக்கத்தின் வரலாற்றையே நாம் திரும்பிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். எட்டு மணித்தியாலம் வேலை, எட்டு மணித்தியாலம் பொழுதுபோக்கு, எட்டு மணித்தியாலம் ஓய்வு என்னும் கோரிக்கையை 1817ஆம் ஆண்டில் முன்வைத்தார் ரொபேட் ஓவன். அதற்காக 1886ஆம் ஆண்டு மே மாதத்திற் சிக்காகோவில் இரத்தம் சிந்தப்பட்டது. 1919ஆம் ஆண்டில் சர்வதேச தொழில் அமைப்பின் முதலாவது சமவாயம் கைத்தொழில்களுக்கு அதனை விதியாக்கிற்று. நமது நாட்டிற் கடை, காரியாலய ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் சட்டம் எட்டு மணித்தியால வேலைநாளை உறுதிசெய்தது. மனித குலத்தின் மகத்தான வெற்றிகளுள் ஒன்று இது. ஆயினும் நாளை மூன்று சம கூறுகளாகப் பகுத்த அக்கோரிக்கையில் சோறு வேகும் நேரம் எந்தக் கூற்றில் அடங்கும்? ஆண் தொழிலாளிக்கு மூன்றாவது எட்டு வாசிகசாலைக்கும் சங்கக் கூட்டத்துக்கும் உரியதாயிற்று. பெண் தொழிலாளிக்கு அது குசினிக்கு உரியதாயிற்று. போதாதபோது நித்திரைக்குரிய எட்டிலிருந்தும் கடன் வாங்கப்பட்டது. அக்கடனை இதுவரை எவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கணக்கில் வராத உழைப்பு கண்ணிலும் படுவதில்லை. தேசிய வருமானத்தைக் கணிக்கும் சர்வதேச முறையை எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பம் தான் உண்பதற்காக விளைத்த நெல்லை அது உற்பத்தியென ஏற்கின்றது. அந்நெல்லை அரிசியாக்கிச் சோறாக்கும் உழைப்பில், சோறாக்கும் பகுதியை ஏற்பதில்லை. சம்பளம் பெற்றுச் சமைப்பவளின் வேலை தேசிய வருமானத்திற் சேரும். அவளே தன் வீட்டிற் சமைத்தால் அது சேராது. 1988ஆம் ஆண்டில் நியூசிலாந்தைச் சேர்ந்த மரிலின் வேரிங் இதனை ஒரு நூலாகவே எழுதி அம்பலப்படுத்தினார். 2018ஆம் ஆண்டில் சர்வதேச தொழில் அமைப்பு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் நாளொன்றுக்கு 1,640 கோடி மணித்தியாலங்கள் ஊதியமற்ற பராமரிப்பு வேலையிற் செலவாகின்றன. 200 கோடி பேர் நாள்தோறும் எட்டு மணித்தியாலம் கூலியின்றி உழைப்பதற்கு இது சமம். அதில் நான்கில் மூன்று பங்கிற்கும் அதிகமானது பெண்களின் உழைப்பு. நமது நாட்டின் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் மக்களின் நேரப் பயன்பாட்டை அளவிடும் ஆய்வொன்றை முதன்முறையாக நடத்தியது 2017ஆம் ஆண்டிலேதான். தேயிலையை இறாத்தற் கணக்கில் நிறுக்க ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கற்றுக்கொண்ட நாடு, பெண்ணின் நாளை அளக்கத் தொடங்க அத்துணை காலம் தேவைப்பட்டது.

"இயந்திரங்கள் வந்துவிட்டனவே, உரலும் அம்மியும் போய்விட்டனவே" என்பர் சிலர். உரல் போயிற்று, மெய்தான். ஆனால் உரலோடு போகாத வேலையொன்று உண்டு. அதுவே நினைவில் வைத்திருக்கும் வேலை. எரிவாயு எந்த நாளில் முடியும், சின்னவனுக்குத் தடுப்பூசி எப்போது, மாமியாரின் மருந்து எத்தனை நாளைக்குக் காணும், தவணைப் பரீட்சை எந்தக் கிழமை, யார் வீட்டுக் கலியாணத்துக்கு என்ன கொடுப்பது, மழைக்கு முன் எந்த ஓட்டை மாற்றுவது என்பவற்றையெல்லாம் ஆண்டு முழுதும் ஒரு தலை சுமந்து திரிகின்றது. அந்தத் தலை பெரும்பாலும் வீட்டுத் தலைவருடையதன்று. "சொல்லியிருந்தாற் செய்திருப்பேனே" என்கின்றார் கணவர். சொல்வதற்கு முன்னர் ஒருத்தி அதனை எண்ணி, நினைவில் வைத்து, தக்க நேரம் பார்த்துக் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை அவர் அறியார். திட்டமிடுதலே ஓர் உழைப்பு. நாட்குறிப்பேட்டைப் பரிசளிப்போர் அவ்வுழைப்பைக் குறைத்துவிடவில்லை. எழுதிவைக்க ஓரிடத்தைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கின்றனர்.

இன்னொரு விடை நமக்கு மேலும் வெட்கத்தைத் தருவது: "ஆள் வைத்துக்கொள்ளலாம்." யார் அந்த ஆள்? கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எத்தனையோ மத்தியதர வர்க்க வீடுகளின் ஒழுங்கான நேரசூசி, மலையகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுமியரின் பள்ளிக்கூட நேரத்தைத் தின்று உருவானது. ஆசிரியர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. பிறர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கச் சென்ற ஆசிரியரின் புத்தகப் பையை வாசல்வரை தூக்கி வந்து கொடுத்த சிறுமி எழுத்தறியாதிருந்தாள். 1954ஆம் ஆண்டின் சட்டம் கடைச் சிப்பந்திக்குக் கொடுத்த எட்டு மணித்தியாலம் வீட்டுப் பணிப்பெண்ணைச் சென்றடையவில்லை. ஒரு பெண்ணின் சுமையை அவளினும் வறிய மற்றொரு பெண்ணின் தலைக்கு மாற்றுவது விடுதலையன்று, கைமாற்றேயாகும்.

நமது தோழர்களுட் சிலர் இவ்விடத்தில் முகஞ்சுளிப்பர். வர்க்கப் போராட்டம் நடக்கும் நாட்டில் வடகமும் வேலியும் ஒரு பொருளா, சமுதாயம் மாறினால் வீடு தானே மாறும் என்பர். இவர்கள் தாம் மேற்கோள் காட்டும் நூல்களையே மறந்தவர்கள். இல்லத்தை நடத்துதல் ஒருகாலத்தில் முழுச் சமூகத்துக்குமுரிய கருமமாயிருந்து, பின்னர் நான்கு சுவருக்குட்பட்ட தனிச் சேவையாகச் சுருங்கியதை 1884ஆம் ஆண்டிலேயே ஏங்கெல்ஸ் எடுத்துக்காட்டினார். புரட்சி நடந்து இரண்டாண்டும் நிறையாத 1919ஆம் ஆண்டில், உள்நாட்டுப் போரின் நடுவே, சட்டங்கள் எத்தனை வந்தபின்னும் பெண் வீட்டடிமையாகவே இருப்பதை லெனின் எழுதினார். பொது உணவுச்சாலைகளும் குழந்தைகள் காப்பகங்களுமே புதிய சமுதாயத்தின் முளைகள் என்றார். பட்டினியும் போரும் சூழ்ந்த நாட்டில் அடுப்படியைப் பற்றிச் சிந்திக்க அவருக்கு நேரமிருந்தது. நமக்குத்தான் நேரமில்லை போலும்!

திட்டம் தனிமனிதரின் ஒழுக்கத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதற்கு 2022ஆம் ஆண்டைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் வெட்டப்பட்டது. ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. எரிவாயு வரிசையிலும் மண்ணெண்ணெய் வரிசையிலும் மக்கள் நாட்கணக்கிற் காத்துக்கிடந்தனர். எத்தகைய நாட்குறிப்பேடும் அன்று பயன்படவில்லை. அரைப்பதும் துவைப்பதும் பிள்ளை படிப்பதும் மின்வெட்டு நேரசூசியின்படியே நடந்தன. திறைசேரியின் வங்குரோத்து விறகுப் புகையாகக் குசினிக்குள் நுழைந்தது. இருமியவள் வீட்டுப் பெண். அதே ஆண்டில் கொழும்பிலும் பிற இடங்களிலும் சமூக சமையலறைகள் தோன்றிப் பல குடும்பங்களுக்கு ஒரே உலையில் சோறாக்கின. இடர் வந்தபோது இயன்றது, இடரில்லாதபோது இயலாதென்பது என்ன நியாயம்? மூளாயிலே கூட்டுறவு முறையில் மருத்துவமனையொன்றை நிறுவி நடத்திய மக்கள் நாம். அடுப்படியின் சுமையைப் பகிரும் கூட்டுறவு மட்டும் நமது ஆற்றலுக்கு அப்பாற்பட்டதா?

பிறரைக் குறைகூறி நிறுத்துவது எமது நோக்கமன்று. எமது வாசகர் வட்டத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாம் கூடுவது வழக்கம். முதல் மாதம் ஆசிரியைகள் எழுவர் வந்தனர். மூன்றாம் மாதம் ஒருவரும் வரவில்லை. பெண்களுக்கு அரசியலில் அக்கறை குறைவென்று நாம் முடிவுகட்டினோம். அம்முடிவை ஒரு கூட்ட அறிக்கையிலும் எழுதினோம். அதனைக் கேள்வியுற்ற சகஆசிரியை ஒருவர் ஓய்வறையில் வைத்துச் சொன்னார்: "மாஸ்டர், நீங்கள் ஆம்பிளையள் கூட்டத்திலை இருக்கேக்கை உங்கடை பிள்ளையளை ஆர் பாக்கிறது எண்டு நினைச்சியள்? உங்கடை கூட்டத்தை நாங்கள்தான் நடத்திறம், வீட்டிலை இருந்துகொண்டு." எமது ஐந்தாண்டு வாசிப்பு கற்பிக்காததை அவ்விரு வசனங்கள் கற்பித்தன. பெண் விடுதலை பற்றி நாம் உரையாற்றிய மாலைகளை எமக்கு ஈட்டித்தந்தவர், அவ்வுரையைக் கேட்க வரமுடியாதவர்.

எனின் செய்யவேண்டியது என்ன? ஆசிரியர்களாகிய நாம் தவணைக்குரிய வேலைத்திட்டம் எழுதப் பழகியவர்கள். பாடவேளைகளைப் பங்கிட்டு நேரசூசி வரையத் தெரிந்தவர்கள். ஓர் ஆசிரியருக்கு நாள் முழுதும் பாடவேளையும் மற்றொருவருக்கு நாள் முழுதும் ஓய்வும் கொடுத்து எந்த அதிபரேனும் நேரசூசி வரைந்தால், நாம் அன்றே தொழிற்சங்கத்துக்கு எழுதுவோம். அந்த நீதியை வீட்டு வாசலிற் செருப்போடு கழற்றிவைப்பது ஏன்? ஆண்டுத் தொடக்கத்திற் பெரிய தாளொன்றை விரித்து, வீட்டார் அனைவரும் சுற்றியிருந்து, பன்னிரண்டு மாதங்களின் கருமங்களையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பணத்தை மட்டுமன்றி மணித்தியாலத்தையும் குறியுங்கள். செய்பவர் பெயரையும், நினைவில் வைத்திருப்பவர் பெயரையும் வேறுவேறாக எழுதுங்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருமாயின், அத்தாள் திட்டமன்று, குற்றப்பத்திரிகை. பெயர்களை மாற்றியெழுதுங்கள். கணவரின் பெயரும் மகனின் பெயரும் பண்டிகை நாளில் மட்டுமன்றி, பாத்திரம் கழுவும் சாதாரண செவ்வாய்க்கிழமையிலும் வரவேண்டும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதும் மகனுக்கு விலக்களிக்கும் வீடு, அதே பரீட்சை எழுதும் மகளுக்கும் அவ்விலக்கை அளிக்கின்றதா என்று பாருங்கள். எஞ்சும் சுமையில் அயலாரோடு கூடிச் செய்யத்தக்கது எது, அரசிடம் கேட்டுப் பெறவேண்டியது எது என்று வகைப்படுத்துங்கள். குழாய் நீரும், குழந்தைகள் காப்பகமும், நேரத்துக்கு ஓடும் பேருந்தும் வீட்டு வேலைக்கு வெளியேயுள்ள அரசியல் அல்ல. வீட்டு வேலையின் மறுபாதியே அவை.

1975ஆம் ஆண்டு ஒக்டோபர் 24ஆந் திகதி ஐஸ்லாந்துப் பெண்களிற் பத்தில் ஒன்பது பங்கினர் தொழிலையும் வீட்டு வேலையையும் ஒருநாள் நிறுத்திவைத்தனர். தந்தையர் பிள்ளைகளைத் தாம் வேலைசெய்யும் இடங்களுக்குத் தூக்கிச் செல்ல நேர்ந்தது. அடுத்த ஆண்டே அந்நாட்டிற் சமத்துவச் சட்டம் நிறைவேறியது. கண்ணுக்குப் புலப்படாதிருந்த உழைப்பு, நின்றபோதுதான் புலப்பட்டது. நமது வீடுகளிலும் அது நின்றபின்தான் நாம் காண்போமா, அன்றி நிற்குமுன்னரே காண்போமா?

எமது வாசகர் வட்டத்தின் நேரம் இப்போது மாற்றப்பட்டுள்ளது. பிள்ளைகளையும் அழைத்துவரலாம், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் முறை ஆண்களிடையே சுழற்சியாக வருகின்றது, தேநீரும் அவ்வாறே. இஃது ஒரு சிறு மாற்றம். இதனாற் சமுதாயம் மாறிவிட்டதென்று நாம் பறைசாற்றவில்லை. ஆனால் சென்ற கூட்டத்தில் ஐந்து ஆசிரியைகள் இருந்தனர். வீட்டின் நேரசூசியை மாற்றத் துணியாதவர் நாட்டின் நேரசூசியை மாற்றப்போவதாகக் கூறுவதை, அவர்கள் இனி அமைதியாகக் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை.